தவிடு திரும்பி வந்த ஊர்

சத்தியம், சத்தியம், மூன்று தரம் சத்தியம். மாகாளியம்மன் கோயில் குண்டத்தில் தணல் தகதகவென்று கிடக்கும்போது இறங்கச் சொன்னாலும் சரி, உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி அணைக்கச் சொன்னாலும் சரி, பிள்ளைகுட்டி தலையில் அடித்துச் சொல்லச் சொன்னாலும் சரி (அடுத்த வீட்டுப் பிள்ளைகுட்டி என்றால் இன்னும் ஓங்கியே அடிக்கலாம்), இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நம்பாதவர்கள் கொளுஞ்சிப்பாளையத்துக்கு பஸ் ஏறிப் போய், நாச்சிமுத்துவின் நெல் மில்லுக்கு எதிரே நின்று, ‘தவிடு’ என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பீடி குடிக்கிறவன் பீடியைக் கீழே போடுவான். சைக்கிளில் போகிறவன் காலை ஊன்றுவான். வீட்டுக்கு மூத்தவர்களாகப் பிறந்த அத்தனை பேரும் வாசல் கதவைப் பாதி சாத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த ஊரிலும், உங்கள் ஊரைப் போலவே, மூத்தபிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. சின்னதைப் பிடித்து உட்காரவைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “உன்னைய அம்மா பெக்கலடா, தவிட்டுக்கு வாங்கினது” என்பார்கள். சின்னது அழும். மூத்தது சிரிக்கும். அடுப்படியிலிருந்து அம்மாவும், கட்டிலிலிருந்து அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்கள். அழுதது அழுது முடித்துவிட்டு, தனக்குப் பின்னால் ஒன்று பிறந்ததும் அதனிடம் போய் அதையே சொல்லும். தலைமுறை தலைமுறையாக இப்படியே நடந்துவந்த யாவாரம் இது. யாரும் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை.

ஆனால் நாச்சிமுத்து வீட்டில் இந்த விளையாட்டு வேறுமாதிரி. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வசந்தாமணி, நல்ல சிவப்பு, வாய்த்துடுக்கு, இடதுகைக் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் மட்டும் நகம் வளர்ப்பாள். எதற்கென்று சின்னவளின் கையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். சின்னவள் மயிலாத்தாள், கறுப்பு, பேச்சு குறைவு. வீட்டை ஒட்டியே மில். மில்லுக்குள் தவிட்டு அறை. மற்ற வீட்டு மூத்ததுகளுக்கு வெறும் வாய்தான் உண்டு. வசந்தாமணிக்குச் சாட்சியும் இருந்தது. தங்கச்சியைக் கையைப் பிடித்து தவிட்டு அறைக்குக் கூட்டிப்போய், ஆள் உயரக் குவியலில் ஓரமாக இருக்கும் பள்ளத்தைக் காட்டுவாள். “இதா பாரு, இதுல இருந்துதான் அள்ளிக் குடுத்தோம். பள்ளம் இன்னும் அப்பிடியே இருக்குது.” மயிலாத்தாள் அந்தப் பள்ளத்தைப் பார்ப்பாள். தன் அளவுக்குச் சரியாகத்தான் இருக்கும். வளர வளரப் பள்ளமும் சரியாகத்தான் இருந்தது, வசந்தாமணி தினமும் முறத்தால் அள்ளிப் பெரிசு பண்ணிக்கொண்டு வந்ததால்.

தனக்குச் சிறுத்துப்போன பாவாடையைத் தங்கச்சிக்குக் கிழித்துக் கொடுத்தாள், பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா அன்றைக்குத் தூங்குகிறவளின் சடையில் பாதியைக் கத்தரித்தாள், தான் உடைத்த குடத்துக்குத் தங்கச்சியை அடிவாங்க வைத்தாள், ஒருநாள் தவிட்டு அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டாள், உள்ளே மூக்கும் வாயும் தவிட்டுத் தூசியில் அடைத்து மயிலாத்தாள் கத்த, அப்பாவின் மிஷின் அதைவிடச் சத்தமாகக் கத்த, யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு உள்ளே போன தூசி இருமலில் கொஞ்சம் வந்தது, எச்சிலில் கொஞ்சம் வந்தது, மிச்சம் தொண்டைக்குக் கீழே ஓரிடத்தில் உட்கார்ந்து கோபமாகக் கெட்டிப்பட்டது. சோறு இறங்கும்போது தட்டும், தண்ணீர் இறங்கும்போது தட்டும். பிள்ளைகள் இரண்டும் பெரிய பெண்களாகி, மில் கணக்கையும் மாட்டையும் மயிலாத்தாள் பார்த்துக்கொள்கிற காலம் வந்த பிறகும் அது கரையவில்லை.

இப்படியிருக்க, வசந்தாமணியைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மத்தியான வெயில். கூடத்தில் ஜமக்காளம். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, தாய்மாமன், தட்டுத்தட்டாகக் கேசரி, போண்டா. காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள் மயிலாத்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்து, “இது யாருங்க?” என்றாள்.

தலைகுனிந்து உட்கார்ந்திருந்த வசந்தாமணி, குனிந்த தலை நிமிராமலே சொன்னாள்: “அதுங்களா? தவிட்டுக்கு வாங்கினதுங்க.”

கூடம் கொல்லென்று சிரித்தது. நாச்சிமுத்துவின் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரிசு. அம்மா சரசாத்தாள் வாயை முந்தானையால் மூடிச் சிரித்தாள். தாய்மாமனுக்குப் போண்டா புரையேறியது. சிரிப்பு அடங்குமுன், வாசலில் ஒரு குரல்.

“ஏனுங், மூட்டைய எறக்கோணும். யாராச்சும் ஒரு கை புடிங்.”

தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் ஒரு மூட்டை. நடுவயசு, கையில் பச்சை குத்தியிருந்தது, வெற்றிலைக் கறை. பார்த்தால் சந்தைக்குப் போகிற எந்தப் பொம்பளையும் அப்படித்தான் இருப்பாள். யாரும் எழுந்திருக்கவில்லை. தலைச்சுமையோடு ஒருத்தி நின்றால் எழுந்து பழகியவள் அந்த வீட்டில் ஒருத்திதான். மயிலாத்தாள் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய், ஒரு பக்கம் பிடித்து மூட்டையை இறக்கினாள்.

“யாரம்மிணி நீ?” என்றார் நாச்சிமுத்து.

“தவிட்டுக்காரிங்க. இந்த வூட்டுல ஒரு புள்ளைய வாங்கியிருக்கீங்கள்ல, அதுக்குக் குடுத்த தவிடு இது. கொண்டாந்துட்டேன். புள்ளையக் குடுத்திருங்.”

நாச்சிமுத்து தாடையைத் தடவினார். “இத்தனை வருசம் கழிச்சா?”

“இத்தனை வருசமாக் கொறை சொல்லிட்டேதான இருக்கறீங்க? கறுப்புங்கறீங்க, மந்தம்ங்கறீங்க, வாங்கினதுங்கறீங்க. வித்தவளுக்குக் காது கேக்காதுங்களா? சரக்குப் புடிக்கலைன்னா எடுத்துக்கறதுதானுங்க யாவாரம்.”

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து வந்தார். மாட்டுத்தரகர். மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளி, ஊதி, நாக்கில் வைத்துப் பார்த்தார். “கலப்படம் இல்லாத தவிடுங்க மச்சான். இன்னைக்கு எந்தக் கடையில கெடைக்குது?” என்றார். மாப்பிள்ளையின் அம்மா, “எங்க பக்கமெல்லாம் இப்பிடிப் பழச ஞாபகம் வெச்சுக் கொண்டாந்து குடுக்கற நாணயம் கெடையாதுங்க” என்றாள்.

வசந்தாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. “அட, அது வெளையாட்டுக்குச் சொல்றதுங்க!”

“வெளையாட்டுங்களா? அப்பச் சரி,” என்றாள் தவிட்டுக்காரி. “அவ சிரிச்சாளா?”

“நாங்க எல்லாருந்தான் சிரிச்சோம்,” என்றார் நாச்சிமுத்து.

“உங்களக் கேக்கலீங்.”

பிறகு அவள் சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உரக்கடைக்காரன் உரம் போடுகிற விதம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். வெளையாட்டு என்றால் சின்னவள் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லையென்றால், சொன்னவர் வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, ‘நான் சொன்னது பொய், இவ என்ற கூடப் பொறந்தவ’ என்று ஒருக்கா சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சொன்னது நிஜம், பிள்ளை தன்னோடு வந்தாக வேண்டும். “சித்தெ யோசிங். இந்த ஊருல இன்னும் எத்தனையோ வூடு இருக்குது, போயிட்டு வந்தர்றேன்.” மூட்டை நாச்சிமுத்து வாசலில்தான் இருந்தது. படியிறங்கும்போது அவள் தலைமேல் இன்னொரு மூட்டை இருந்தது. அது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. சுமைக்காரியின் தலையில் சுமை இருப்பதில் கேட்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு கொளுஞ்சிப்பாளையத்தில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. வாசலுக்கு வாசல் மூட்டை. பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள் மூட்டையைத் தாண்டித்தான் போனார்கள், கோலம் போடுகிறவர்கள் மூட்டையைச் சுற்றித்தான் கோலம் போட்டார்கள். ரிட்டையரான தலைமையாசிரியர் சென்னியப்பன் தடியை ஊன்றிக்கொண்டு தம்பி வீட்டு வாசலுக்கு வந்து, “நான் சொன்னது பொய், நீ என்ற கூடப் பொறந்தவன்” என்றார். தம்பிக்குப் பல்லெல்லாம் கட்டினது, காதும் மந்தம். “என்னது? ஒண்ணும் கேக்கலீங்ணா, சத்தமாச் சொல்லுங்!” என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னார். “இந்தக் காதுப் பக்கம் வந்து சொல்லுங்!” மூட்டை எப்போதோ காற்றுப்போன பந்துமாதிரி சப்பிக் காணாமல் போய்விட்டது. தம்பி மட்டும், கட்டின பல் முழுக்கத் தெரிய, கேக்கலை கேக்கலை என்று அண்ணனைத் தொண்டை வற்றும்வரை நிறுத்திவைத்திருந்தார்.

பஞ்சாயத்துத் தலைவர் தன் தம்பி வாசலில் நின்று, “அப்படி ஒரு வார்த்தை என்னையறியாம வந்திருக்கலாம், அதை இவன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கலாம்” என்று பேசினார். மூட்டை குறையவில்லை, ஒரு படி கூடிற்று. மேலே பேசப் பேச, வாசலை அடைக்கிற அளவுக்குக் கூடிற்று. கடைசியில் மாலையைக் கழற்றிவைத்துவிட்டு நேராகச் சொன்ன பிறகுதான் கதவைத் திறக்க முடிந்தது. பம்பாயில் வேலையாக இருந்த ஒரு அக்கா டெலிபோனில் சொன்னாள். வாசலில்தான் சொல்ல வேண்டும் என்பதால் தபாலாபீஸ்காரர் வயரை இழுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் டெலிபோனை வைத்தார், தெரு முழுக்கக் கேட்டது. கஞ்சன் ஒருத்தன், வந்த தவிட்டை விடுவானேன் என்று எருமைக்குக் கலக்கி வைத்தான். அந்த எருமை மூலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, யார் கூப்பிட்டாலும் திரும்பாமல், கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாமல், நாள் முழுக்கப் பால் கறக்கவிடாமல் விசும்பிற்று. டெய்லர் கடையில் சின்னதுகள் முதலில் புதுத்துணிக்கு அளவு கொடுத்தன, மிச்சத் துணியில் மூத்ததுகளுக்குத் தைத்தார்கள். ஊர் இப்படி ஒவ்வொரு வாசலாகக் காலியாகிக்கொண்டே வந்து, கடைசியில் நாச்சிமுத்து வீட்டு மூட்டை ஒன்றுதான் மிச்சம் நின்றது.

வசந்தாமணி சொல்லமாட்டேன் என்றுவிட்டாள்.

“ஊர் முன்னால அவகிட்ட நான் தணிஞ்சு போறதா? பொய்யின்னு நான் எதுக்குச் சொல்லோணும்? ஊரெல்லாம் சொல்றதுதான நானுஞ் சொன்னேன்?”

சரசாத்தாளுக்கு வேறு கவலை. “பொய்க்காரின்னு பேரு வந்துட்டாச் சம்மந்தம் நிக்குமாங்க?” என்று புருஷனிடம் கேட்டாள். நாச்சிமுத்து நிற்காது என்றார். மாப்பிள்ளை வீட்டிலிருந்தும், மூட்டை விஷயத்தை முடித்துவிட்டால் தேதி குறிக்கலாம் என்று ஆள் வந்தது. யோசித்து யோசித்து, எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தார்கள். எந்த வீட்டிலும், எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்கிற அதே வழி. சின்னவளிடம் வந்தார்கள்.

“சாமி, நீ ஒருக்கா சிரிச்சேன்னு சொல்லிரு,” என்றாள் சரசாத்தாள்.

மயிலாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு வார்த்தைதான அம்மிணி,” என்றார் நாச்சிமுத்து. “சிரிச்சேன்னு சொன்னா வெளையாட்டுன்னு முடிஞ்சுபோகும். மூட்டையும் போயிரும், அக்கா கல்யாணமும் நடந்துரும், நீயும் எங்கயும் போக வேண்டாம். எல்லாருக்கும் நல்லது.”

“சின்னவ நீதான சாமி விட்டுக் குடுக்கோணும்,” என்றாள் அம்மா.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள், பங்காளிகள் வந்தார்கள், தம்பியிடம் தொண்டை வற்றச் சொல்லிவிட்டு வந்த சென்னியப்பனும் வந்து, “பெரிய மனசு பண்ணு தாயி” என்றார். வீடு என்று அவளுக்கு இருந்தது இந்த ஒன்றுதான். இந்த மாடுகள், இந்த மில், கிணற்றடியில் துணி துவைக்கிற கல். ஒரு பொய் சொன்னால் இருக்கலாம், சொல்லாவிட்டால் ஒரு சுமைக்காரியின் பின்னால் வெயிலில் நடந்து போக வேண்டும். சொல்லிப் பார்த்தாள், மாட்டின் காதில். ‘சிரிச்சேன்.’ சொன்ன உடனே தெரிந்தது. இதை வாசலில் சொன்னால் கத்தரித்த சடை விளையாட்டாகிவிடும், கையில் இருக்கிற நகத்தடம் அத்தனையும் விளையாட்டாகிவிடும், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குள் அவள் தூசியை விழுங்கிக்கொண்டு கத்தினதும் அவளே ரசித்து ஆடின விளையாட்டாகிவிடும். தொண்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது ஒரு தரம் புரண்டது.

அடுத்தநாள் காலையில் தவிட்டுக்காரி திரும்பி வந்தாள். ஊரே தெருவில் நின்றது. மாப்பிள்ளை வீட்டாரும் வந்து நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்கள்.

“சிரிச்சயா கண்ணு?”

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், கும்பிட்ட கை தவிட்டுக்காரியைப் பார்த்து இல்லை, மகளைப் பார்த்து. அப்பா தலையை மேலும் கீழுமாக ஆட்டி, இப்படி ஆட்டினால் போதும் என்று காட்டினார். வசந்தாமணி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, இவள் சொல்லிவிடுவாள், சொல்லாமல் எங்கே போவாள் என்று, நகத்தால் நகத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

“இல்லீங்,” என்றாள் மயிலாத்தாள். “ஒருக்காக்கூடச் சிரிக்கலீங். சொன்னது இவ. சிரிச்சது இவங்க ரெண்டு பேரும்.”

தவிட்டுக்காரி வசந்தாமணியைப் பார்த்தாள். “நீ பொய்யின்னு சொல்றயா?”

“எனக்கென்ன தலையெழுத்தா? வாங்கினது வாங்கினதுதான்!” என்றாள் வசந்தாமணி.

“அப்ப முடிஞ்சுது,” என்று தவிட்டுக்காரி மயிலாத்தாளிடம் கையை நீட்டினாள். “வா கண்ணு.”

“நான் எதுக்குங் வரோணும்?” மயிலாத்தாளின் குரல் அத்தனை பெரிசு என்று அந்த ஊருக்கு அன்றைக்குத்தான் தெரியும். மில் மிஷின் ஓடியிருந்தாலும் கேட்டிருக்கும். “என்னைய எவளோ வித்தா, இவங்க வாங்கினாங்க, இப்ப நீங்க திருப்பி வாங்கறீங்க. நடுவுல என்னைய ஒருத்தரும் கேக்கலை! யாவாரம் பேசினது அவ வாயி. கொறை சொன்னது அவ வாயி. அந்த வாயக் கூட்டிட்டுப் போங்!”

தவிட்டுக்காரி நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். பிறகு தலையிலிருந்து சும்மாட்டை எடுத்தாள். உச்சியில் முடி தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு மொழுக்கென்று இருந்தது. “இப்பிடி ஒரு சின்னது கேக்காதான்னுதான் ஊரூராச் சொமந்துட்டுத் திரியறேன்,” என்றாள். “நானும் என்ற தம்பிகிட்டச் சொன்னவதான்.” சும்மாட்டை உதறி, சுருட்டி, வசந்தாமணியின் தலையில் வைத்தாள். பூ வைத்துவிடுகிற மாதிரிதான் வைத்தாள்.

அப்போதுதான் வசந்தாமணிக்குத் தெரிந்தது, இனி சுமக்கப்போவது யார் என்று. “பொய்! நான் சொன்னது பொய்! இவ என்ற கூடப் பொறந்தவ!” என்று ஊரே கேட்கக் கத்தினாள். எல்லோரும் மூட்டையைப் பார்த்தார்கள். ஒரு பிடி குறையவில்லை. பயத்துக்குச் சொன்ன வார்த்தைக்கு அது இறங்குவதில்லை போலிருக்கிறது. எல்லோரும் மயிலாத்தாளைப் பார்த்தார்கள். இப்போதாவது, போதும், விட்டுவிடுங்க என்று அவள் சொல்வாள் என்று அம்மா பார்த்தாள், அப்பா பார்த்தார், தெருவே பார்த்தது.

மயிலாத்தாள் குனிந்து மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தைத் தவிட்டுக்காரி பிடித்தாள். மூட்டை வசந்தாமணியின் தலையில் ஏறிற்று, கழுத்து கொஞ்சம் இறங்கிற்று, கால் தானாக எடுத்து வைத்தது. கிழக்கே அவள் போனாள். தவிட்டுக்காரி வெறும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் முன்னும் பின்னும் வீசிக்கொண்டு மேற்கே போனாள். மாட்டுத்தரகர், “சின்னவளக் கேக்கலாமுங்களா?” என்று மெதுவாக ஆரம்பித்தார். மயிலாத்தாள் திரும்பிப் பார்த்த பார்வையில் மாப்பிள்ளை வீட்டார் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள்.

மில்லை இப்போது மயிலாத்தாள்தான் நடத்துகிறாள். தவிட்டு அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கதவே கிடையாது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேளைக்குச் சோறு போடுகிறாள். அவள் எதிரில் அவர்கள் தாமாகச் சிரிப்பதில்லை. சிரிக்கலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் சிரிக்கிறார்கள்.

எப்போதாவது, வெயில் ஏறின நேரத்தில், வாசலில் ஒரு குரல் கேட்கும். “மூட்டைய ஒரு கை புடி மயிலு.”

அந்தச் சிவப்பெல்லாம் போய் வசந்தாமணி தங்கச்சியைவிடக் கறுத்துவிட்டாள். மயிலாத்தாள் எழுந்து போய் மூட்டையை இறக்குவாள், ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பாள். உள்ளே அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். போன தடவை வந்தபோது வசந்தாமணி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

“எல்லா வாசல்லயும் ஒண்ணேதான் கேக்கறேன். அவ சிரிச்சாளா, அவன் சிரிச்சானான்னு,” என்றாள். “நீ சிரிக்கலை மயிலு. ஒருக்காக்கூட. நான் உன்ற மூஞ்சியப் பாத்துட்டேதான் இருந்தேன். நீ சிரிக்கலைங்கறதப் பாத்துட்டுத்தான் மறுக்காச் சொன்னேன்.”

“தெரியும்,” என்றாள் மயிலாத்தாள்.

“மூட்டை இப்பவாச்சும் கொறைஞ்சிருக்குதா பாரேன்.”

மயிலாத்தாள் பார்த்தாள். குறைந்திருந்ததா இல்லையா என்று அவள் சொல்லவில்லை. “தண்ணியக் குடி,” என்றாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள். அக்காவின் தலையிலிருந்த சும்மாட்டைப் பிரித்தாள், நைந்து நாராகியிருந்தது. உள்ளே போய்ப் பழைய பாவாடை ஒன்றை எடுத்து வந்தாள். அக்காவிடமிருந்து அவளுக்கு வந்தது, கிழித்துக் கொடுத்தது. அதை மெத்தென்று சுருட்டி, தேய்ந்துகொண்டு வருகிற உச்சியில் பதமாக வைத்து அழுத்தினாள். பிறகு குனிந்து, மூட்டையைப் பிடித்து, ஒரே தூக்கில் தூக்கி, அதன்மேல் ஏற்றிவைத்தாள்.

அவ்வளவுதான் நடந்தது, ஒரு எழுத்துக் கூடவுமில்லை குறையவுமில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், மூத்தபிள்ளை இருக்கிற வீடாகப் பார்த்துச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சுக்கூட விட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். வசந்தாமணி இப்போது இந்தப் பக்கத்து ஊர்களில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறாளாம், எல்லாம் தேய்ந்தும் அந்த இரண்டு நகம் மட்டும் தேயவில்லையாம்.